எண்ணூரில் விழுந்த விண்கல்!

சினிமா பார்க்கப் பிடிக்குமா என்று உங்களிடம் கேட்டால் சிரிப்பீர்கள். பிடிக்காதவர் யார்? சரி, படம் பார்த்து முடித்ததும், "கதையைச் சொல்லு" என்று நண்பன் கேட்டால் என்ன செய்வீர்கள்? "சூப்பர்டா... சண்டை செம... ராக்கெட் அப்படியே பறக்கும்..." இவ்வளவுதானே சொல்வீர்கள்? அது கதை இல்லை. அது உங்கள் சந்தோஷம். கதைக்கு எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. இன்று அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போமா?

நான் இருப்பது திருவொற்றியூரில். ஓய்வு பெற்ற பிறகும் மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தோடு வந்துவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் 'டிக் டிக் டிக்' படம் ஓடியது. பாடம் நின்றது, படம் ஓடியது! படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எல்லோரும் கத்தினார்கள். "சார், நம்ம எண்ணூர்!" ஆமாம், விண்கல் வந்து விழுந்த இடம் நம்ம எண்ணூர்தான். ஒரே கைதட்டல்!

படம் முடிந்ததும் எர்ணாவூரிலிருந்து வரும் ஏழாம் வகுப்பு மாணவி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "சார், எண்ணூர்ல கல்லு விழுந்துச்சே... அதுக்கப்புறம் எண்ணூர் என்ன ஆச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கேள்வியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்கு வருவோம்.

படத்தைப் பற்றி...

'டிக் டிக் டிக்' 2018 ஜூன் மாதம் வெளியானது. இயக்குநர் சக்தி சௌந்தர் ராஜன். அப்போது ஜெயம் ரவி என்ற பெயரில் நடித்துவந்த ரவி மோகன்தான் கதாநாயகன். படத்தில் அவருக்கு மகனாக வருபவரும் அவருடைய சொந்த மகனே! இசை டி.இமான். விண்வெளிக்குப் போகும் கதை என்பதால் பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் தமிழ் சினிமாவுக்கு விண்வெளி புதிதல்ல. 1963-லேயே எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த 'கலை அரசி' படத்தில் வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பூமிக்கு வந்து பாடகியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு நெல் மணியின் கதை

கதையின் எலும்புக்கூட்டை ஹாலிவுட்காரர்கள் கண்டுபிடித்ததாக நினைக்காதீர்கள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், நாடகக் கதைக்கு ஐந்து படிகள் உண்டு என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விளக்கியிருக்கிறார். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்பவைதான் அந்த ஐந்து.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அவர் சொன்ன உவமை மிகச் சுலபம். உழுத மண்ணில் போட்ட விதை முளைப்பது முகம். அது இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். பயிர் வளர்ந்து கதிரை உள்ளே பொதிந்து வைத்திருப்பது கருப்பம். கதிர் வெளியே வந்து முற்றுவது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டு மகிழ்வது துய்த்தல். அவ்வளவுதான்!

இப்போது இந்த ஐந்தையும் படத்தில் தேடுவோம்.

1. முகம் - விதை

எண்ணூரில் சிறிய விண்கல் விழுகிறது. பலர் உயிரிழக்கிறார்கள். இது வெறும் முன்னோட்டம்தான். பின்னால் பிரம்மாண்டமான விண்கல் ஒன்று வருகிறது என்று தெரிகிறது. இருப்பது ஒரே வாரம். ஆபத்தில் இருப்பவர்கள் சுமார் 4 கோடிப் பேர்.

இங்கே கதாசிரியர் இரண்டு வேலை செய்கிறார். முதலில் சின்ன ஆபத்தைக் காட்டி, பெரிய ஆபத்தை நம்மை நம்ப வைக்கிறார். அடுத்து, ஒரு கடிகாரத்தை ஓட விடுகிறார். படத்தின் பெயரே கடிகாரச் சத்தம்தானே! நாளைக்குப் பரீட்சை என்றால்தான் புத்தகத்தைத் திறக்கிறீர்கள். காலக்கெடு இருந்தால்தான் வேகம் வரும். கதைக்கும் அப்படித்தான்.

2. பிரதிமுகம் - நாற்று

விண்கல்லைப் பிளக்க அணு ஆயுதம் வேண்டும். அது வேறொரு நாட்டின் விண்வெளி நிலையத்தில் ரகசியமாக இருக்கிறது. கேட்டால் தருவார்களா? தரமாட்டார்கள். ஏன்? விண்வெளியில் அணு ஆயுதங்களை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 1967-ஆம் ஆண்டே உலக நாடுகள் உடன்படிக்கை செய்திருக்கின்றன. இது படத்துக்காகச் சொன்னது அல்ல, உண்மை. 'எங்களிடம் இருக்கிறது' என்று ஒப்புக்கொண்டாலே அந்த நாடு மாட்டிக்கொள்ளும். ஆக, திருடுவது ஒன்றே வழி!

திருட யாரை அனுப்புவது? சிறையிலிருக்கும் ஒரு மேஜிக்காரரை! பூட்டிய இடத்திலிருந்து தப்பிப்பதில் கெட்டிக்காரர் வாசு. கூடவே கம்ப்யூட்டர் பூட்டுகளை உடைக்கத் தெரிந்த இரண்டு நண்பர்கள். பிரச்னை எதுவோ அதற்கேற்ற திறமைசாலியைக் கதாசிரியர் தேர்ந்தெடுத்திருக்கிறார், பார்த்தீர்களா? இதே வேலைக்கு ஒரு சமையல்காரரை அனுப்பியிருந்தால் அது வேறு கதையாகியிருக்கும். நகைச்சுவைக் கதை!

3. கருப்பம் - உள்ளே மறைந்திருக்கும் கதிர்

இதுதான் முக்கியமான இடம். வெளியே பார்த்தால் ராக்கெட் கிளம்புகிறது, எல்லோரும் வாழ்த்துகிறார்கள். ஆனால் வாசுவுக்கு மட்டும் ரகசிய மிரட்டல் ஒன்று வருகிறது. "உன் மகன் எங்கள் பிடியில். ஆயுதத்தை எங்களிடம் கொடு."

ஒரு பக்கம் 4 கோடிப் பேர். மறு பக்கம் ஒரே ஒரு பிள்ளை. கூட வருபவர்களிடமும் சொல்ல முடியாது. விண்கல் வெளியிலிருந்து வரும் ஆபத்து; இது உள்ளே இருக்கும் ஆபத்து. விண்கல்லை மட்டும் வைத்து எடுத்திருந்தால் நாம் ராக்கெட்டைத்தான் வேடிக்கை பார்த்திருப்போம். மகன் வந்ததும் வாசுவின் முகத்தைப் பார்க்கிறோம்.

4. விளைவு - முற்றிய கதிர்

முதல் பாதியில் வேடிக்கையாகக் காட்டிய மேஜிக் இரண்டாம் பாதியில் உயிர் காக்கும் ஆயுதமாகிறது. முன்னால் விதைத்ததுதானே பின்னால் விளையும்? எந்தப் படம் பார்த்தாலும் இதைக் கவனியுங்கள். கதாநாயகனுக்கு நீச்சல் தெரியும் என்று முதலிலேயே காட்டினால், பிறகு அவர் தண்ணீரில் விழப்போகிறார் என்று அர்த்தம். விதைக்காமலே விளைந்தால், அதாவது கடைசி நிமிடத்தில் திடீரென்று ஏதோ வந்து காப்பாற்றினால், "காதுல பூ சுத்தறாங்க" என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்!

5. துய்த்தல் - அறுவடை

ஆபத்து நீங்குகிறது. அப்பாவும் மகனும் சேர்கிறார்கள். மிரட்டியவர் யார் என்ற முடிச்சும் அவிழ்கிறது. அவர் யாரென்று சொல்லமாட்டேன். படம் பார்க்காதவர்கள் என்னைத் திட்டுவீர்களே!

எலும்பு ஒன்று... சதை வேறு!

1998-இல் வெளியான 'ஆர்மகெடான்' என்ற ஆங்கிலப் படத்திலும் முதலில் விண்கற்கள் விழுகின்றன. அங்கே அடி வாங்குவது நியூயார்க் நகரம். பின்னால் பெரிய கல் வருகிறது. அதைத் துளைத்து வெடி வைக்க எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழிலாளிகளை அனுப்புகிறார்கள். எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான்! 'அப்படியானால் காப்பியா?' என்று கேட்பீர்கள். ஒரே எலும்பு இருப்பதில் தவறில்லை. எல்லா மனிதருக்கும் எலும்புக்கூடு ஒன்றுதானே? அதன்மேல் நீங்கள் என்ன புதிதாகச் சேர்க்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. அங்கே துளைபோடுபவர்கள், இங்கே மேஜிக்காரர்.

நிஜத்தில் நடந்தது

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே, சுமார் 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் வானத்திலேயே வெடித்துச் சிதறியது. ஏறக்குறைய 1,500 பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலானவர்களைக் காயப்படுத்தியது கல் அல்ல, உடைந்து தெறித்த ஜன்னல் கண்ணாடி! வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலுக்கு ஓடியிருக்கிறார்கள். ஒலி, ஒளியைவிட மெதுவாக வரும் என்று படித்திருக்கிறீர்களே! வெடிப்பின் அதிர்வு பின்னாலேயே வந்துவிட்டது.

விண்கல்லை உடைத்தால் துண்டுகளும் பூமி மேலேயே விழலாம். அதனால், முன்கூட்டியே தெரிந்தால், லேசாக ஒரு தள்ளு தள்ளிப் பாதையை மாற்றுவது நல்ல வழி என்கிறார்கள் விஞ்ஞானிகள். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் 'டார்ட்' விண்கலம், சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்போஸ் என்ற விண்கல்மீது வேண்டுமென்றே மோதியது. அது தன் பெரிய கூட்டாளியைச் சுற்றிவர எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 55 நிமிடம். மோதலுக்குப் பிறகு 11 மணி 23 நிமிடம். ஒரு விண்கல்லின் பாதையை மனிதன் மாற்றியது அதுவே முதல் முறை!

சரி, எண்ணூர் என்ன ஆச்சு?

அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். கதைக்கு விதை எண்ணூரில் விழுந்தது. முளைத்தவுடன் கதை எண்ணூரை விட்டு மேலே கிளம்பிவிட்டது. படம் ராக்கெட்டில் போனவர்களின் கதையாயிற்றே!

நிஜ எண்ணூரிலும் ஆபத்து வந்திருக்கிறது, வானத்திலிருந்து அல்ல. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. கடற்கரையெங்கும் கறுப்புச் சேறு. அதை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? இயந்திரம் போதாமல், மீனவர்களும் மாணவர்களும் தொண்டர்களும் வாளி வாளியாக மொண்டு எடுத்தார்கள்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிய, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இங்கேயும் விதை இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது, அப்பாவும் பிள்ளையும் இருக்கிறார்கள். 'துய்த்தல்' மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. இந்தக் கதைகளை யார் எழுதுவது?

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்கள் கட்டுரைப் பயிற்சிக்கு 'நான் கண்ட அழகிய இடம்' என்று தலைப்புக் கொடுத்தேன். பிள்ளைகள் பார்த்தே இராத ஊட்டியையும் கொடைக்கானலையும் எழுதினார்கள். நானும் மதிப்பெண் போட்டேன். 'உங்கள் தெருவை எழுதுங்கள்' என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அந்தச் சிறுமியின் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

நீங்களும் எழுதுங்கள்!

ஒரு தாளை எடுங்கள். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று ஐந்து வரி எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் போதும். விண்கல் வரட்டும், ரோபோ வரட்டும், வேற்றுக்கிரகத்துக்காரர் வரட்டும். ராயபுரமோ, காசிமேடோ, திருவாரூரோ, தென்காசியோ... கதை உங்கள் ஊரில் தொடங்க வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: முடியும்வரை உங்கள் ஊரை விட்டுப் போகக் கூடாது!

மறுவாரம் அந்த மாணவி தன் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். முதல் வரி இதுதான்: "கல்லு விழுந்த மறுநாள் காலையில், என் அப்பா வலையை எடுத்துக்கொண்டு கடலைப் பார்க்கப் போனார்."

மீதியை அவள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள். நானும் காத்திருக்கிறேன். நீங்கள் எப்போது தொடங்கப் போகிறீர்கள்?