லாரியின் இழுவை யார் கையில்?

ஏரலில் வாழைத்தார் ஏற்றிக் கிளம்பும் லாரியானாலும், தூத்துக்குடி உப்பளத்தில் இருந்து மூட்டையோடு புறப்படும் லாரியானாலும், ஏற்றத்தில் திணறிவிட்டால் ஓட்டுநர் பட்டறையில் வந்து சொல்வது ஒன்றுதான்: "வண்டி இழுக்க மாட்டேங்கு."

அதைக் கேட்டதும் எங்கே கையை வைக்க வேண்டும் என்று தெரிந்த ஓர் இளைஞரை ஏரல் பக்கத்துப் பட்டறை ஒன்றில் சந்தித்தோம். வயது இருபத்தேழு. ஆற்றோரக் கிராமம் ஒன்றின் காலனியில் பிறந்தவர். அப்பா வாழைத்தார் சுமந்தவர். மகன் அந்தத் தார் ஏறும் லாரியின் டர்போவைப் பிரித்துச் சரிசெய்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஏன் என்பது பின்னால் வரும்.

டர்போ என்பது வீணாகப் போகும் புகையிடம் வேலை வாங்கும் கருவி. எஞ்சினில் இருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் கூடுதல் டீசலை முழுதாக எரிக்கலாம். சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல்கூடச் சுழலும். முழுப் பாரத்தில் உள்ளே வரும் புகையின் சூடு 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

புகை நுழையும் பக்கத்து வார்ப்பிரும்புக் கூட்டைத்தான் பட்டறையில் 'எக்ஸாஸ்ட் ஹவுசிங்' என்கிறார்கள். சங்கு குளிக்கும் கடற்கரைக்காரர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். பார்ப்பதற்கு அது சங்குதான். வாயில் அகன்று, சுற்றச் சுற்றக் குறுகும் வழி. அந்தச் சங்கைக் குறுக்கே வெட்டினால் தெரியும் பரப்பை, வெட்டின் நடுவில் இருந்து அச்சின் மையம் வரையுள்ள தூரத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். 'ஏ பை ஆர்' என்பது அதுதான். நம் நண்பர் பத்தாம் வகுப்புக் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவர். இதை மட்டும் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்து ஐந்து நிமிடத்தில் நமக்குப் புரியவைத்தார்.

எண் சிறிதாக இருந்தால் புகை வேகமாகப் பாயும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே டர்போ எழும்பிவிடும். பாரத்தோடு ஏற்றம் ஏறும் வண்டிக்கு அதுதான் தேவை. ஆனால் வேகம் கூடும்போது புகை போக வழியில்லாமல் எஞ்சினையே திருப்பி அமுக்கும். எண் பெரிதாக இருந்தால் நெடுஞ்சாலையில் மூச்சு தாராளமாக இருக்கும், ஏற்றத்தில் தூங்கும். ஆகவே, "கூட்டைக் குடைந்து பெரிசாக்கு, சக்தி கூடும்" என்று வரும் உரிமையாளர் பாதிதான் தெரிந்துகொண்டு வருகிறார். உப்பு ஏற்றும் வண்டியில் அப்படிச் செய்தால் இருக்கிற இழுவையும் போகும்.

கூட்டில் கை வைக்கவே கூடாதா என்று கேட்டோம். பழைய வண்டியில் இடம் இருக்கிறது என்றார். மேனிஃபோல்டின் துளையும் ஹவுசிங்கின் வாயும் ஒன்றோடொன்று பொருந்தாமல் படிபோல நிற்கும் விளிம்பைத் தேய்த்துச் சமன் செய்யலாம். வேஸ்ட்கேட் துளை சிறிதாக இருந்து, காற்றழுத்தம் கட்டுமீறி ஏறினால், துளையை அளவோடு விரிக்கலாம். ஆறு சிலிண்டர் எஞ்சினில் மூன்று மூன்றாகப் புகையைப் பிரித்துக் கொண்டுவரும் நடுச்சுவரை மட்டும் தொடவே கூடாது. அது போனால் புகையின் துடிப்பு போச்சு. "கிரைண்டரைக் கையில் எடுக்கிறதுக்கு முன்னாடி ஏர் ஃபில்டரையும் ஓஸ் பைப்பையும் பாருங்க. வர்ற வண்டியில பாதிக்கு அங்கதான் ஓட்டை." ஓட்டுநர்களுக்கு இன்னொன்றும் சொல்லச் சொன்னார். தூரம் ஓடி வந்த வண்டியை உடனே அணைக்காதீர்கள், இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓட விடுங்கள். அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, சூட்டில் கருகி, பேரிங்கைத் தின்றுவிடும்.

இனி, பெயர் வேண்டாம் என்றதன் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு லாரி உரிமையாளர் அழுத்தத்தை ஏற்றித் தரச் சொன்னார். இவர் வேண்டாம் என்றார். பட்டறை முதலாளி, "அண்ணாச்சி சொல்றார்ல, செய்" என்றார். செய்தார். சில வாரத்தில் பிஸ்டன் உருகியது. வந்து நின்ற உரிமையாளர் முதலாளியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "காலனிப் பய கை வச்சா இப்படித்தான்" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனார்.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களில் இருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். ஆவணத்தில் அழிப்பது எளிது. பொதுமக்கள் பார்வையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். புகார் கொடுத்தீர்களா என்று கேட்டோம். "கொடுத்தா மறுநாள் எந்தப் பட்டறையில வேலை செய்யிறது?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார்.

இதில் சட்டம் சொல்வதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனை யாருக்கு? வண்டி உரிமையாளருக்கு. சட்டம் உரிமையாளரைக் கேட்கிறது, நம் தெரு மெக்கானிக்கின் சாதியைக் கேட்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் இந்த வேலைக்கே இடமில்லை. அழுத்தம் கொஞ்சம் மாறினாலும் சென்சார் காட்டிக்கொடுத்து, வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லாமல் ஏரலைப் பற்றி எழுத முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது. ஏரல் பாலத்தின் இணைப்புச் சாலை அறுந்தது. நீர் வடிந்தபோது வண்டிகளின் எஞ்சினுக்குள் சேறு இருந்தது. டர்போ அச்சு மயிரிழைத் தடிமன் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து ஓடுவது. அதில் ஆற்று வண்டல் புகுந்தால் என்ன ஆகும்? அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தவர்கள் எஞ்சினை இழந்தார்கள். பிரித்து, டீசலில் கழுவி, எண்ணெய் மாற்றிய பிறகே சாவியைப் போட்டவர்கள் தப்பித்தார்கள். நம் நண்பர் அந்த நாட்களில் வீட்டுக்குப் போய்ப் படுத்தது குறைவு. பெரிய வீட்டு வாசல்களில் எல்லாம் "தம்பி, வாங்க" என்றார்கள். குடிக்கத் தண்ணீர் செம்பில் வந்தது.

ஒரு மாதத்தில் சேறு காய்ந்தது. பழைய 'ஏல' திரும்பி வந்தது. ஏல என்பது நம் வட்டாரத்தில் பிரியமாகவும் வரும் சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்தொன்பது வயதுப் பையன் இருபத்தேழு வயதுக்காரரை அப்படிக் கூப்பிடுவதில் பிரியம் எங்கே இருக்கிறது?

அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தோடு நிறுத்திவிடுகிறோம். 1942-ல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும் அவர் கொடுத்த கோரிக்கை மனுவில், அறிவியல், தொழில்நுட்பம் படிக்கும் நம் மாணவர்களுக்கு உதவித்தொகை கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளைப் பயிற்சியாளராகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டார். அவர் பட்டறையைக் குறிப்பிட்டதைக் கவனியுங்கள்.

இன்றைக்கு அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. மெக்கானிக் டீசல் ஓராண்டு, மோட்டார் வாகன மெக்கானிக் ஈராண்டு. பட்டறையிலேயே கற்றுக்கொண்டவர்களும் சான்றிதழ் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. வங்கி கேட்கும் முதல் காகிதங்களில் அதுவும் ஒன்று.

நம் நண்பர் வங்கிக்கும் போய்ப் பார்த்தார். அடமானம் கேட்டு அனுப்பிவிட்டார்கள். சிறுதொழிலுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. அது அவருக்குத் தெரியாது, கேட்டவர் சொல்லவும் இல்லை. 2023-ல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி, அதோடு 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. 55 வயது வரை விண்ணப்பிக்கலாம், படிப்புத் தகுதி கேட்பதில்லை. போக வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம்.

விவரத்தைச் சொன்னதும் ஒரு பழைய கையேட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார். பேலன்சிங் மெஷின் ஒன்று, சின்ன லேத் ஒன்று, சாலையைப் பார்த்த வாடகை இடம். இடம்தான் கஷ்டம் என்றார். போன மாதம் ஒன்று பேசி முடித்து, ஊரையும் தெருவையும் கேட்டபிறகு உரிமையாளர் போனை எடுக்கவில்லையாம். அடுத்த வாரம் தொழில் மையத்துக்கு நாமும் கூடப் போகிறோம்.