காட்டுப் பக்கம் போகுமுன்: உங்கள் பையில் என்ன இருக்க வேண்டும்?

மீள்குடியேறிய முதல் மாதங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் காட்டின் தேவை இருக்கும். அடுப்புக்கு விறகு வேண்டும், வேலிக்குக் கதியால் வேண்டும், கொட்டிலுக்குத் தடி வேண்டும். பின்னேரம் பட்டிக்குத் திரும்பாத மாட்டைத் தேடிப் போக நேரும். பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகளும் கூட வர ஆசைப்படுவார்கள். முன்பு கண்ணை மூடிக்கொண்டு போய்வந்த பாதைகள்தாம் இவை. ஆனால் நீங்கள் இல்லாத ஆண்டுகளில் வயல் பற்றையாகிவிட்டது, பற்றை காடாகிவிட்டது. அடையாளமாக நின்ற மரங்களும் வீடுகளும் பல இடங்களில் இல்லை. மண்ணுக்குள் வெடிபொருட்களும் இருக்கலாம்.

ஆகவே காட்டுப் பக்கம் போகும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு பையை ஆயத்தமாக வைத்திருப்பது நல்லது. அதில் எதை வைப்பது, எதைத் தவிர்ப்பது, எதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திசை வேறு, பாதை வேறு

திசைகாட்டியும் கைத்தொலைபேசியும் வடக்கு எது, வீடு எந்தப் பக்கம் என்று சொல்லும். நீங்கள் அடுத்த அடி வைக்கப்போகும் நிலம் பாதுகாப்பானதா என்று அவற்றால் சொல்ல முடியாது. வேறு நாட்டுக் காடுகளில் வழி தவறியவர், திசைகாட்டியைப் பார்த்து நேர்கோட்டில் நடந்து வீதியை அடையலாம். வன்னியில் அப்படி நடப்பது ஆபத்து. ஏ9 வீதி மேற்கே ஒரு கிலோமீற்றரில்தான் இருக்கிறது என்று தெரிந்தாலும், இடையில் உள்ள பற்றை துப்புரவாக்கப்பட்டதா என்பது உங்களுக்குத் தெரியாது.

எனவே பையில் உள்ள எல்லாப் பொருட்களுக்கும் ஒரே வேலைதான்: நீங்கள் போன பாதையாலேயே உங்களைத் திரும்பக் கொண்டுவருவது. குறுக்குவழி கண்டுபிடிக்க எந்தக் கருவியையும் பயன்படுத்த வேண்டாம். ஆட்கள் நாளாந்தம் நடக்கும் பாதையிலும், துப்புரவாக்கி ஒப்படைக்கப்பட்ட நிலத்திலும் மட்டும் செல்லுங்கள். எவை அத்தகைய இடங்கள் என்பதைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டறியலாம். வனவளத் திணைக்களத்துக்கோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ உரிய எல்லைகளையும் அப்போதே கேட்டு வையுங்கள்.

திசை அறிய உதவுபவை

*திசைகாட்டி.* பற்றரி தேவையில்லை, சிறியது, பல ஆண்டுகள் உழைக்கும். ஊசி எண்ணெயில் மிதக்கும் வகையை வாங்குங்கள். அதில் ஊசி விரைவாக நிலைக்கும். கடையிலேயே சோதித்துப் பாருங்கள்: கிடையாகப் பிடித்து மெதுவாகச் சுழற்றினால் ஊசி ஒவ்வொரு முறையும் அதே திசைக்குத் திரும்ப வேண்டும். உள்ளே பெரிய காற்றுக் குமிழி இருந்தால் வாங்க வேண்டாம். பெரும்பாலும் ஊசியின் சிவப்பு முனையே வடக்கைக் காட்டும். கத்தி, கோடரி, கைத்தொலைபேசி, சைக்கிள் ஆகியவற்றின் அருகில் வைத்துப் பார்த்தால் ஊசி பிசகும். அவற்றைச் சில அடி தூரத்தில் வைத்துவிட்டுப் பாருங்கள்.

*சூரியன்.* இது செலவில்லாத கருவி. ஆனால் நம் பகுதியில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அப்போது நிழலைப் பார்த்துத் திசை சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகற் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம் சாய்ந்திருக்கும். காலையிலும் பின்னேரத்திலும் பார்ப்பதே நம்பகமானது. சந்தேகம் வந்தால், பாதையின் நடுவில் ஒரு தடியை நிமிர்த்திப் பிடித்து, நிழலின் நுனி விழும் இடத்தில் இலை ஒன்றை வையுங்கள். 20 நிமிடம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னோர் இலையை வையுங்கள். முதல் இலை மேற்கு, இரண்டாவது கிழக்கு. தடியைத் தரையில் அடித்து இறுக்க வேண்டாம். கையால் பிடித்திருந்தாலே போதும்.

*கைத்தொலைபேசி.* ஸ்மார்ட் போனில் உள்ள ஜிபிஎஸ் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஆனால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். புறப்படும் இடத்தில் ஒரு குறியிட்டு, நடந்த வழியைப் பதிவு செய்யுங்கள். திரும்பும்போது அதே கோட்டைப் பின்பற்றலாம். ஆயினும் அந்தக் கோடு சில மீற்றர் பிசகும், அடர்ந்த மரங்களின் கீழ் இன்னும் கூடப் பிசகும். மிதிவெடி விடயத்தில் ஓர் அடி பிசகினாலும் போதும். ஆகவே போனில் உள்ள கோட்டை விட, கண்ணுக்குத் தெரியும் நடைபாதையையே நம்புங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போன் அதைத் தேடித்தேடியே பற்றரியை முடித்துவிடும்; அங்கே ‘விமானப் பயண’ நிலையில் வையுங்கள். ஆபத்தில் அழைப்புப் போகாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். அது சில நேரம் போய்ச் சேரும்.

*வரைபடம்.* நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் 2 சென்ரிமீற்றர் நிலத்தில் 1 கிலோமீற்றர். குளங்களும் வீதிகளும் அதில் தெரியும். ஆனால் இன்றைய ஆபத்துப் பகுதிகள் தெரியாது. அதைவிடப் பயன் தருவது நீங்களே கீறும் வரைபடம். ஒரு தாளில் வீடு, குளக்கட்டு, வாய்க்கால், கோயில், வீதி ஆகியவற்றைக் குறியுங்கள். ஊரில் முதலில் வந்து குடியேறியவர்களிடமும் கிராம அலுவலரிடமும் கேட்டு, போகக்கூடாத இடங்களைக் கோடிட்டு அடையுங்கள். ஒரு பிரதியைப் பையில் பொலித்தீனுக்குள் வையுங்கள், மற்றதைச் சுவரில் ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அது விளங்க வேண்டும்.

பாதைக்கு அடையாளம்

எல்லாக் கருவிகளிலும் மலிவானதும் உதவியானதும் பழைய துணிதான். மஞ்சள் அல்லது நீல நிறச் சேலைத் துணியை விரல் அகல நாடாக்களாகக் கிழித்து 30 அல்லது 40 எடுத்துச் செல்லுங்கள். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் கண் மட்டத்தில் கட்டுங்கள். ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரிய வேண்டும். திரும்பும்போது அவிழ்த்து எடுத்து வாருங்கள். விட்டுவந்தால் பின்னால் வருபவர் அதைப் பார்த்துக் குழம்பக்கூடும்.

சிவப்புத் துணியையும் வெள்ளைத் துணியையும் பயன்படுத்த வேண்டாம். மிதிவெடி அகற்றுபவர்கள் அபாயத்தைக் காட்டச் சிவப்பையும் துப்புரவான எல்லையைக் காட்ட வெள்ளையையும் பயன்படுத்துவதுண்டு. அதே காரணத்தால், அவர்கள் நட்ட கட்டைகளையும் மண்டையோட்டுப் பலகைகளையும் நாடாக்களையும் ஒருபோதும் பிடுங்கி வர வேண்டாம். வேலிக்கு ஒரு கட்டை மிச்சமாகலாம். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எல்லை தெரியாமல் போய்விடும்.

மற்றப் பொருட்கள்

*விசில்.* உள்ளே உருண்டை இல்லாத பிளாஸ்ரிக் விசில் நனைந்தாலும் ஒலிக்கும். ஆளுக்கு ஒன்று கழுத்தில் இருக்கட்டும். மூன்று முறை ஊதினால் ‘உதவி வேண்டும்’ என்று வீட்டில் எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கத்திக் கூப்பிடுவதைவிட அது தூரம் கேட்கும், தொண்டையும் வற்றாது.

*ரோச் லைற்.* நம் பகுதியில் சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்துக்குள் இருட்டிவிடும். பகலில் புறப்பட்டாலும் லைற் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கும் பற்றரி போடும் வகையையே தேர்ந்தெடுங்கள். நெற்றியில் கட்டும் லைற் இருந்தால் இரு கைகளும் விடுபட்டிருக்கும்.

*தண்ணீர்.* அரை நாளுக்கு ஒருவருக்கு 2 லீற்றராவது வேண்டும். சோழகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் இன்னும் கூட வேண்டும். கைவிடப்பட்ட கிணற்றில் அள்ள வேண்டாம். அதன் தண்ணீர் கெட்டிருக்கலாம், உள்ளே வெடிபொருளும் இருக்கலாம். ஜீவனிப் பொதி இரண்டு வைத்திருங்கள்.

*பாதணி.* செருப்போடு போக வேண்டாம். முழங்கால் வரை உயர்ந்த இறப்பர் பூட்ஸ் விரியன் பாம்புக் கடியிலிருந்து பெருமளவு காக்கும். மிதிவெடியிலிருந்து எந்தப் பூட்ஸும் காக்காது.

*முதலுதவி.* அகலமான துணிக் கட்டு இரண்டு, சுத்தமான பஞ்சுத் துணி, பிளாஸ்ரர், பனடோல் போதும். பாம்பு கடித்தால் கடிவாயை வெட்டவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையை அல்லது காலை அசையாமல் தடி வைத்துக் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கி அரச வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். டிஸ்பிரின் கொடுக்க வேண்டாம். அது இரத்தப்போக்கைக் கூட்டும்.

பையில் வேண்டாதவை

மண்வெட்டியும் அலவாங்கும் துப்புரவான காணிக்கு மட்டுமே உரியவை. பற்றையை எரிக்கும் எண்ணத்தோடு மண்ணெண்ணெய் கொண்டுபோக வேண்டாம். நெருப்பின் சூட்டில் மறைந்திருக்கும் வெடிபொருள் வெடிக்கலாம். கடையில் ‘எல்லாம் ஒன்றில்’ என்று விற்கும் பலவேலைக் கருவிகளுக்கும் விலை உயர்ந்த ஜிபிஎஸ் கருவிகளுக்கும் பணத்தைச் செலவழிக்கத் தேவையில்லை. அந்தக் காசுக்கு நல்ல பூட்ஸ் ஒரு சோடி வாங்கலாம். பை முழுவதும் தண்ணீரோடு 5 கிலோவைத் தாண்டாமல் இருக்கட்டும். பாரமான பையை ஆட்கள் வீட்டிலேயே விட்டுச் செல்வார்கள்.

வழி தவறினால்

நில்லுங்கள். கடைசியாகக் கட்டிய துணி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வந்த தடத்தாலேயே அதனிடம் திரும்புங்கள். தெரியாவிட்டால் நடக்க வேண்டாம். விசிலை மூன்று முறை ஊதுங்கள், சற்று நேரம் விட்டு மறுபடி ஊதுங்கள். உங்களைத் தேடி ஆட்கள் வருவார்கள்.

சந்தேகத்துக்குரிய பொருளையோ அபாயப் பலகையையோ கண்டால் அந்த இடத்திலேயே அசையாமல் நில்லுங்கள். கூட வந்தவர்களையும் நிற்கச் சொல்லுங்கள். எதையும் தொடவோ எறியவோ வேண்டாம். உதவிக்கு அழைத்து, வரும்வரை காத்திருங்கள். ஒருவர் காயப்பட்டால் அவரிடம் ஓட மனம் துடிக்கும். ஆனால் ஓடினால் இன்னொருவரும் காயப்படலாம். பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் 1990. இந்த இரண்டு இலக்கங்களையும் பையின் மூடியில் அழியாத மையால் எழுதி வையுங்கள்.

வீட்டில் விட்டுச் செல்ல வேண்டியது

ஒரு பொருளைப் பையில் வைக்க முடியாது, வீட்டில்தான் விட்டுச் செல்ல வேண்டும். அது தகவல். யார் யார் போகிறோம், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைச் சுவரில் உள்ள வரைபடத்தின் அருகில் எழுதிவிட்டுப் புறப்படுங்கள். தனியே போக வேண்டாம். யானை நடமாட்டம் உள்ள இடங்களில் பின்னேரம் 4 மணிக்கு முன்பே திரும்பிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் கடந்தும் ஆள் வராவிட்டால், வீட்டில் இருப்பவர் தனியே தேடிப் போகாமல் அயலவருக்கும் கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவிக்க வேண்டும்.

சரிபார்க்க: திசைகாட்டி, கீறிய வரைபடம், துணி நாடாக்கள், விசில், ரோச் லைற்றும் மேலதிக பற்றரியும், தண்ணீர், ஜீவனி, முதலுதவிப் பொருட்கள், முழுதாக சார்ஜ் செய்த போன், நைலோன் கயிறு, சிறு தறப்பாள் துண்டு.

பையை வாசற்கதவின் அருகில் ஆணியில் மாட்டி வையுங்கள். மாதம் ஒரு முறை திறந்து பற்றரியையும் ஜீவனியின் காலாவதித் திகதியையும் பாருங்கள். மாடு இன்னும் வரவில்லை என்று பதறி ஓடும் பின்னேரத்தில் பை தேட நேரம் இருக்காது.