வினைக்கும் இடைச்சொல்லுக்கும் நடுவே ஒரு 'இட்'

எம்பிலிப்பிட்டிய நகரில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லும் தமிழர் 'ஃபேனை ஓஃப் பண்ணு' என்பார். அதையே சிங்களவர் 'ஃபேன் எக ஓஃப் கரன்ன' என்பார். ஆங்கிலத்தில் இச்செயலைக் குறிப்பது 'டர்ன் ஓஃப்' என்னும் இரு சொற்களாயினும், அவற்றுள் வினையாகிய 'டர்ன்' இரு மொழிகளிலும் உதிர்ந்துபோக, 'ஓஃப்' என்னும் சிறு சொல் மட்டும் தங்கி, தமிழில் 'பண்ணு' என்பதையும் சிங்களத்தில் 'கரன்ன' என்பதையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டது. வினையே தலை, பின்னால் வருவது வால் என்று பாடசாலை இலக்கணம் கற்பித்தாலும், மக்களின் காது வாலையே பிடித்துக்கொண்டது. அது பிழையான பிடியுமன்று. 'டர்ன் ஓஃப்' என்று ஆங்கிலேயர் சொல்லும்போது அழுத்தம் விழுவது பெரும்பாலும் 'ஓஃப்' மீதுதான். நின்றுபோதல் என்ற பொருளைச் சுமப்பதும் அதுவே.

இவ்வாறு ஒரு வினையும் ஒரு சிறு சொல்லும் கூடி, இரண்டிலும் தனித்தனியே இல்லாத பொருளைத் தரும் சேர்க்கையை ஆங்கில இலக்கணத்தார் 'ஃபிரேசல் வேர்ப்' என்பர். தமிழில் அதைத் தொடர்வினை எனலாம். லோகன் பியர்சல் ஸ்மித் 1925இல் வெளியிட்ட நூலொன்றின் வழியே இப்பெயர் பரவியது. அதைத் தமக்குச் சொல்லித் தந்தவர் ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவரே குறித்திருக்கிறார். பெயர் பிற்காலத்தது எனினும் தொல்லை பழையது. 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், இத்தகைய சேர்க்கைகளே பிறமொழியாளருக்கு ஆங்கிலத்தில் மிகப் பெரிய இடர் என்று அதன் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார்.

ஆயினும் இடர் பொருளில் மட்டும் இல்லை. 'டர்ன் ஓஃப் த ஃபேன்' என்றும் சொல்லலாம், 'டர்ன் த ஃபேன் ஓஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் 'ஃபேன்' என்ற பெயரின் இடத்தில் 'இட்' என்ற பிரதிப்பெயரை வைத்தவுடன் இந்த உரிமை பறிபோய், 'டர்ன் இட் ஓஃப்' என்ற ஒரே வரிசை எஞ்சுகிறது. 'டர்ன் ஓஃப் இட்' என்பது எந்த நாட்டு ஆங்கிலத்திலும் வழக்கமில்லை. இதற்கு நேர்மாறாக, 'லுக் ஆஃப்டர் த சைல்ட்' என்பது 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்றே ஆகுமன்றி, 'ஹிம்' ஒருபோதும் நடுவில் புகாது. ஏனெனில் 'ஆஃப்டர்' இங்கே முன்னிடைச்சொல், அதாவது தமிழின் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதுபோலத் தனக்குரிய பெயருக்கு முன்னால் நின்று அதை விடாமல் பற்றிக்கொள்ளும் சொல். 'டர்ன் ஓஃப்' என்பதில் உள்ள 'ஓஃப்' வினையைச் சார்ந்த அடை, எந்தப் பெயரோடும் அதற்கு ஒட்டுறவில்லை.

ஒரே சொல் இரு வேடமும் போடும். 'கெட் ஓஃப் த பஸ்' என்றால் பஸ்ஸைவிட்டு இறங்கு என்பது பொருள். அதில் 'ஓஃப்' முன்னிடைச்சொல் ஆதலால் 'கெட் ஓஃப் இட்' என்றே வரும். 'டேக் ஓஃப் யுவர் ஷேர்ட்' என்றால் சட்டையைக் கழற்று என்பது பொருள். அதில் 'ஓஃப்' வினையடை ஆதலால் 'டேக் இட் ஓஃப்' என்று 'இட்' நடுவே நுழையும். எழுத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்ற, பிரதிப்பெயர் வந்து நின்ற பிறகே உள்ளிருக்கும் வேற்றுமை வெளிப்படுகிறது.

இந்த ஒழுங்குக்குக் காரணமும் உண்டு. ஆங்கில வாக்கியம் புதிய செய்தியையும் அழுத்தத்தையும் முடிவை நோக்கித் தள்ளுவது; 'இட்', 'ஹிம்' போன்றவையோ கேட்பவர் முன்பே அறிந்த ஒன்றைச் சுட்டுபவை, அழுத்தமின்றி விரைந்து ஒலிப்பவை. ஆகவே அவை நடுவே ஒதுங்கிக்கொள்ள, அழுத்தம் பெறும் வினையடை வாக்கியத்தை முடித்துவைக்கிறது. 'அவளையன்று, அவனை' என்று பிரதிப்பெயரையே அழுத்திச் சொல்ல நேர்ந்தால் அது இறுதிக்கு வருவதும் உண்டென்பது இக்காரணத்தை உறுதிப்படுத்துகிறது.

தமிழ் பேசுபவருக்கு இதில் எது புதிது என்று கேட்டால், பொருள் மாற்றம் புதிதன்று. 'கண்டுபிடி' என்பதில் காண்பதும் பிடிப்பதும் கரைந்து வேறொரு பொருள் பிறக்கிறது. 'விட்டுக்கொடு', 'பார்த்துக்கொள்' என்பனவும் அத்தகையவை. புதிது எதுவென்றால், இணைந்த இரு சொற்களுக்கு நடுவே செயப்படுபொருள் புகுவது. 'கண்டே பிடித்துவிட்டார்கள்' என்று ஓர் ஏகாரம் நுழையலாம். 'அவனை' நுழைய முடியாது, நுழைந்து 'கண்டு அவனைப் பிடித்தார்கள்' என்றானால் கூட்டு உடைந்து இரண்டு தனிச் செயல்களாகிவிடும். அதைவிட முக்கியமானது, தமிழில் அந்தப் பிரதிப்பெயரே பெரும்பாலும் வருவதில்லை என்பது. 'விளக்கை அணைத்தாயா' என்ற கேள்விக்கு 'அணைத்துவிட்டேன்' என்பதே முழு விடை; 'அதை' என்று சேர்த்தால் சற்றுச் செயற்கையாக ஒலிக்கும். ஆங்கிலத்தில் 'இட்' இல்லாவிட்டால் விடை குறையுடையது. எனவே தமிழ் மாணவர் 'ஐ டர்ன்ட் ஓஃப்' என்று எழுதி நிறுத்தினால், அதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழிப்பதில் பயனில்லை. அது அவருடைய தாய்மொழியின் நேர்மையான இலக்கணம்.

வளவை நதியின் நீரால் விளையும் எம்பிலிப்பிட்டியச் சமவெளியிலிருந்து ஏ18 வீதியில் வடக்கே ஏறினால் கொடகவெல, கஹவத்த, பெல்மதுளை என்று தோட்டப்புறம் தொடங்குகிறது. அங்குள்ள மாணவர் தமிழில் கற்று, கடைத்தெருவில் சிங்களம் பேசி, 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இணைப்பு மொழியாக்கிய ஆங்கிலத்தை மூன்றாவதாக எதிர்கொள்கிறார். தோட்டத்து வாழ்வில் ஆங்கிலம் புதிதன்று; பெரட்டு, செக்ரோல், கிளாக்கர் என்று துரைமார் காலத்துச் சொற்கள் இன்றும் புழங்குகின்றன. ஆனால் அவையெல்லாம் பெயர்ச்சொற்கள். பெயர் தனியே வந்து குடியேறிவிடும். தொடர்வினை தன் வரிசையையும் உடன் கொண்டுவர வேண்டியிருந்தது, அதற்கு இடம் கிடைக்கவில்லை.

நாட்டு ஆங்கிலம் என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. 2009ஆம் ஆண்டை அரசு ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்து, ஆங்கிலத்தை நம் வழியில் பேசுவோம் என்று முழங்கியபோது, நம் வழி என்பது எதுவரை என்ற விவாதம் மூண்டது. பஸ்ஸிலிருந்து இறங்குவதை 'கெட் டவுன்' என்பதும், ஒருவரையோ ஒரு பொருளையோ வேறிடத்திலிருந்து தருவிப்பதையும் 'கெட் டவுன்' என்பதும் இலங்கையர் நெடுங்காலமாகப் பேசும் வழக்கு. கொழும்பிலிருந்து ஒருவரை வரவழைத்ததை 'வி கொட் ஹிம் டவுன்' என்று சொல்பவரைக் கூர்ந்து கேட்டால், பொருள் உள்ளூருடையதாக இருந்தும் 'ஹிம்' தன் பழைய இடத்திலேயே, நடுவிலேயே நிற்பது தெரியும். பொருளை ஊர் மாற்றிக்கொள்கிறது, வரிசையை மாற்றுவதில்லை. ஆசிரியர்கள் 'கெட் டவுன்' மீது காட்டும் கண்டிப்பில் பாதியையேனும் 'இட்' நிற்கும் இடத்தின் மீது திருப்பினால் மாணவருக்கு நன்மை கூடும்.

தொடர்வினைகளைத் தமிழ்ப் பொருளோடு நீண்ட பட்டியலாக மனனம் செய்விப்பது இதற்கு உதவாது. 'டேக் ஓஃப்: கழற்று, லுக் ஆஃப்டர்: பராமரி' என்ற பட்டியல் இரண்டையும் ஒரே வார்ப்பாகக் காட்டி, அறிய வேண்டியதை மறைத்துவிடுகிறது. 'டேக் இட் ஓஃப்', 'லுக் ஆஃப்டர் இட்' என்று பிரதிப்பெயரோடு சேர்த்தே எழுதிக் கற்றால் இலக்கணம் தானாகவே காதில் ஏறும். ஒக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதி, பிரிக்கக்கூடிய தொடர்வினையை இருபுறமும் முனையுள்ள ஓர் அம்புக்குறியால் காட்டுகிறது. அக்குறியின் பொருளை வகுப்பில் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். சுமையும் தோன்றுமளவு பெரிதன்று: 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரித்தானியத் தேசியச் சொற்றொகுப்பை ஆராய்ந்த கார்ட்னரும் டேவிஸும், 20 வினைகளும் 8 சிறு சொற்களும் கூடும் சேர்க்கைகளே தொடர்வினை வழக்கில் பாதிக்கு மேற்பட்டவை என்று 2007இல் காட்டினர். ஆயினும் கற்போர் ஒதுங்கவே பார்க்கின்றனர்: எபிரேயம் பேசும் மாணவர்களை ஆராய்ந்த டகுட்டும் லாவ்ஃபரும், அவர்கள் தொடர்வினையைத் தவிர்த்து ஒற்றைச் சொல் வினையையே நாடுவதாக 1985இல் எழுதினர். 'புட் இட் ஓஃப்' என்று வாய்வராமல் 'போஸ்ட்போன்' என்று சொல்லித் தப்பிக்கும் நம்மவருக்கும் அது பொருந்தும். பேச்சு அலுவலகக் கடிதம்போல் விறைப்பாவது அதன் விளைவு.

இரு ஒழுங்குகளும் ஒரே வாக்கியத்தில் சந்திப்பதும் உண்டு. வேறெங்கோ மூண்ட கோபத்தை என்மீது காட்டாதே என்பதற்கு ஆங்கிலேயர் 'டோன்ட் டேக் இட் அவுட் ஒன் மீ' என்பர். அதில் 'அவுட்' வினையடை ஆதலால் கோபத்தைச் சுட்டும் 'இட்' அதற்கு முன்னால் நிற்க, 'ஒன்' முன்னிடைச்சொல் ஆதலால் 'மீ' அதற்குப் பின்னால் நிற்கிறது. தமிழ் 'ஐ' என்ற உருபையும் 'மீது' என்ற சொல்லுருபையும் கொண்டு முடித்துவிடும் வேலையை, ஆங்கிலம் இந்த இரு இடங்களைக் கொண்டு செய்கிறது.