கையேட்டுக்கு வெளியே ஒரு புத்தகம்

நூலகப் பாடவேளையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், நீங்க கடைசியா என்ன கதை படிச்சீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. அந்த வாரம் நான் படித்தவை ஒரு பயிற்சிக் கையேடு, இரண்டு சுற்றறிக்கைகள், வாட்ஸ்அப் குழுவில் வந்த படிவங்கள்.

சிறுவயதில் கிளை நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றவள் நான். பி.எட்., அடுத்து போட்டித் தேர்வு என்று ஓடியதில் எதை எடுத்தாலும் பென்சிலால் அடிக்கோடு போடும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டாலும் உண்மைக் காரணம் இதுதான்: யாரோ கேட்கப்போகும் கேள்விக்காக மட்டுமே படித்துப் பழகிவிட்டேன். எல்லோரும் சொல்கிறார்களே என்று 'பொன்னியின் செல்வன்' எடுத்தேன். முதல் பாகத்தின் பாதியோடு சரி. குறை நூலில் இல்லை.

என்னைத் திரும்ப இழுத்தவை என் வேலையைப் பேசிய புத்தகங்கள். கிஜுபாய் பதேக்கா வழக்கறிஞராக இருந்து ஆசிரியரானவர். அவருடைய 'பகல் கனவு' நூலில் வரும் ஆசிரியர் முதல் நாள் நான்காம் வகுப்பில் அமைதி விளையாட்டு நடத்தப் பார்த்து, கூச்சலில் தோற்றுப்போகிறார். என் முதல் நாள் நினைவுக்கு வந்து வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்தது 'டோட்டோசான்'. தலைமையாசிரியர் கோபயாஷி, வேறு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமியின் பேச்சை நான்கு மணி நேரம் கேட்கிறார். நான் எந்தக் குழந்தையின் பேச்சையும் நான்கு நிமிடம் சேர்ந்தாற்போல் கேட்டதில்லை.

மூன்றாவது புத்தகத்தைத்தான் பாதியில் மூடி இரண்டு நாள் தொடாமல் வைத்தேன். இத்தாலியின் பார்பியானா என்ற மலைக்கிராமத்துப் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து எழுதி, 1967இல் வெளியான கடிதம் அது. தமிழில் 'எங்களை ஏன் டீச்சர் ஃபெயிலாக்கினீங்க?' என்று வந்திருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியே எப்படி வெளியே தள்ளுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

எனக்கு ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒரு மாணவன் கண்முன் வந்தான். தை பிறந்தால் பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய்விடுவான். ஒருமுறை இடையில் திரும்பி வந்தவனிடம், வகுப்பே கேட்க, "உனக்கெல்லாம் எதுக்குப்பா படிப்பு?" என்றேன். அதன்பின் அவன் வரவில்லை. பதிவேட்டில் இடைநின்றவன் என்று எழுதியதோடு என் வேலை முடிந்துவிட்டது.

புத்தகத்தை முடித்த வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாக அவன் அம்மா சொன்னார். அங்கிருந்தே போன் போட்டுப் பேசினேன். "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்டான். மன்னிப்புக் கேட்டேன். சிரித்தான். பள்ளிக்குத் திரும்பவில்லை.

இந்த ஆண்டு என் வகுப்பில் சூளைக்குப் போகும் பிள்ளைகள் இருவர். விட்டுப்போகும் பாடங்களைத் தனி நோட்டில் குறித்து வைக்கிறேன். வந்ததும் மதிய இடைவேளையில் உட்காருகிறோம்.

இப்போது இரவில் பத்துப் பக்கம் படிக்கிறேன், பென்சில் இல்லாமல். முப்பது பக்கத்துக்குள் பிடிக்காவிட்டால் கூச்சப்படாமல் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி கேட்டவளிடம் என் 'டோட்டோசான்' போய் மூன்று வாரம் ஆகிறது. கேட்டால், ரயில் பெட்டி வகுப்பறை வரும் பகுதியைத் தம்பிக்கு இன்னொரு தடவை படித்துக் காட்ட வேண்டுமாம்.