மனைக்கணக்கும் காரணி காணலும்

சென்னைக்குத் தெற்கே தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர் முதலிய ஊர்களில் முன்னாளில் நெல் விளைந்த வயல்கள் பல இந்நாளில் குடியிருப்பு மனைகளாக மாறியுள்ளன. அங்கு மனை வாங்குவோர் நாவில் வழங்கும் அளவு ‘கிரவுண்டு’ என்பது. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி கொண்டது. இருபத்து நான்கு கிரவுண்டு சேர்ந்தது ஒரு காணி எனச் செங்கற்பட்டுச் சீமையில் வழங்கிய பழங்கணக்கும் உண்டு.

ஒரு கிரவுண்டு என்ற அளவில் மனையின் வடிவம் விளங்கிவிடுமோ எனின், விளங்காது. 40 அடி அகலமும் 60 அடி நீளமும் உடைய மனையும் ஒரு கிரவுண்டே. 30 அடியும் 80 அடியும் உடையதும் ஒரு கிரவுண்டே. 24 அடி அகலத்தில் 100 அடி நீண்டு கிடப்பதும் அதுவே. விலை ஒன்றாயினும் சுற்றுச்சுவர் எழுப்பும்போது வேறுபாடு புலனாகும். முதல் மனைக்கு 200 அடிச் சுவர் போதும். இரண்டாவதற்கு 220 அடி வேண்டும். மூன்றாவதற்கோ 248 அடி வேண்டும். ஆதலின் பரப்போடு சுற்றளவும் தெரிந்தால்தான் பக்கங்கள் துணியப்படும்.

இனி, பரப்பு 2400 சதுர அடி, சுற்றளவு 220 அடி என்று மட்டும் ஒரு குறிப்புக் கிடைத்ததாகக் கொள்வோம். மனை செவ்வகம். சுற்றளவிற் பாதி 110. அதுவே நீள அகலங்களின் கூட்டுத்தொகை. அறியப்படாத பக்கத்தை ‘ய’ எனக் குறித்தால், மற்றைப் பக்கம் 110 − ய ஆகும். (வடமொழிக் கணித நூலார் அறியாத எண்ணை ‘யாவத்தாவத்’ என்று கூறி, அதன் முதலெழுத்தாகிய ‘யா’ என்பதையே குறியாக எழுதினர்.) இவ்விரண்டையும் பெருக்கின் 2400 வரவேண்டும். அதனை ஒழுங்குபடுத்தினால்,

ய² − 110ய + 2400 = 0

என்று அமையும். இடப்புறம் உள்ளது மூன்று உறுப்புடைய இருபடிக் கோவை. இதனை (ய − ஒரு பக்கம்) (ய − மற்றொரு பக்கம்) என்று இரண்டு காரணிகளாகப் பிரிப்பதே வேலை. அக்காரணிகளைப் பெருக்கிப் பார்த்தால், இறுதி உறுப்பு இரு பக்கங்களின் பெருக்கற்பலனாகவும், நடு உறுப்பின் கெழு அவற்றின் கூட்டுத்தொகையாகவும் வந்து நிற்கும். குறி மட்டுமே மாறியிருக்கும். பெருக்கினால் 2400, கூட்டினால் 110 தரும் இரண்டு எண்கள் எவை?

மாணவர் பலர் இவ்விடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எண்களை ஊகிப்பர். அது வேண்டுவதில்லை. 24, 100 என்னும் இணையின் கூட்டுத்தொகை 124. 25, 96 என்பவற்றிற்கு 121. 30, 80 என்பவற்றிற்கு 110. 32, 75 என்பவற்றிற்கு 107. 40, 60 என்பவற்றிற்கு 100. 48, 50 என்பவற்றிற்கு 98. இரண்டு எண்களும் ஒன்றையொன்று நெருங்க நெருங்கக் கூட்டுத்தொகை குறைந்துகொண்டே வருவது காண்க. தொகை மிகுந்தால் நெருக்க வேண்டும். குறைந்தால் விலக்க வேண்டும். எனவே (ய − 30) (ய − 80) என்பதே விடை.

இறுதி உறுப்பு குறை எண்ணாயின், கூட்டுத்தொகைக்கு மாறாக வேற்றுமையை நோக்க வேண்டும். நீளம் அகலத்தினும் 20 அடி மிகுதி எனில், ய² + 20ய − 2400 என்னும் கோவை (ய + 60) (ய − 40) எனப் பிரியும். −60 என்பது அகலமாதல் இயலாது. 40 அடியே அகலம். முதல் உறுப்பின் கெழு ஒன்றாக இல்லாதபோது, அதனை இறுதி எண்ணோடு பெருக்கிக்கொண்டு இணை தேடுவர். 6ய² + 17ய + 12 என்பதில் பெருக்கம் 72, தொகை 17. ஆகவே 8, 9. நடு உறுப்பை 8ய, 9ய எனப் பிரித்தெழுதினால் (2ய + 3) (3ய + 4) கிடைக்கும்.

நிற்க. தேடியும் இணை அகப்படவில்லையெனில் யாது செய்வது? தொகையிற் பாதியை எடுத்து வர்க்கம் செய்து, பெருக்கற்பலனைக் கழித்து, மிச்சத்திற்கு வர்க்கமூலம் காண வேண்டும். 110இற் பாதி 55. அதன் வர்க்கம் 3025. 2400 போக மிச்சம் 625. அதன் மூலம் 25. 55உடன் 25ஐக் கூட்ட 80, கழிக்க 30. பாபிலோனியர் ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே களிமண் பலகைகளில் இவ்வகைக் கணக்கை இம்முறையாலேயே செய்து வைத்தனர். நம் நாட்டில் பிரமகுப்தர் கி.பி. 628இல் இயற்றிய நூலிலும் இருபடிச் சமன்பாட்டிற்கு விதி கூறியுள்ளார்.

இம்முறையின் அருமை வேறோரிடத்தில் வெளிப்படும். ஒருவர் கையிலுள்ள குறிப்பில், செவ்வக மனை, பரப்பு ஒரு கிரவுண்டு, சுற்றளவு 180 அடி என்று எழுதியிருக்கக் கூடும். தொகை 90, பாதி 45, அதன் வர்க்கம் 2025. இதிலிருந்து 2400ஐக் கழிக்க இயலாது. 180 அடிச் சுவருக்குள் அடங்கும் செவ்வகங்களுள் மிகப் பெரியது 45 அடிச் சதுரமே. அதன் பரப்பும் 2025 சதுர அடிதான். அம்மனை எவ்விடத்தும் இருத்தல் இயலாது. பரப்பு பிழையாதல் வேண்டும். இன்றேல் சுற்றளவு பிழையாதல் வேண்டும். எது பிழை என்பதை எழுத்துக்கணக்குக் கூறாது. பணம் கொடுக்குமுன் நில அளவையாளரை அழைத்து, நான்கு பக்கங்களையும் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும்.