கொல்லி மழவன் மகளை எழுப்பிய பாட்டு! மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்!

கொல்லிமலை:
70 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போகும் நாமக்கல் மாவட்டத்து மலை இது. நோய் தீர்த்த பாட்டுக் கதைகளில் இந்த மலையின் பெயர் ரெண்டு இடத்தில் வருகிறது!

7-ம் நூற்றாண்டு. மழநாட்டு மன்னன் கொல்லி மழவன். அவன் மகளுக்கு முயலகன் நோய். வலிப்பு மாதிரி ஒன்று. திருச்சி பக்கம் திருவாசி கோவிலில் கொண்டுபோய்க் கிடத்திவிட்டான். அங்கே வந்தார் சம்பந்தர். பாடினார். பெண் எழுந்து வந்தாள் என்கிறது பெரியபுராணம்.

அப்பருக்கோ சூலை நோய். வயிற்றைப் புரட்டும் வலி. திருவதிகையில் பதிகம் பாடினார், தீர்ந்தது என்பார்கள். அந்தப் பதிகத்தின் பண் என்ன தெரியுமா? கொல்லி! இன்றைய நவரோஜ் ராகம்.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் தேவாரம் 3 ஆண்டுப் படிப்பு. பண் சொல்லித்தரும்போது இந்தக் கதையும் வரத்தானே செய்யும்? அங்கேதான் வாத்தியார் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் பாட்டு கேட்டால் பதற்றம் குறைகிறது. இது ஆராய்ச்சியில் கண்டது. வலிப்பு சமாசாரம் வேறு. அதற்கு டாக்டர்தான். பாட்டை நம்பி மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரலாம். உயிரே போகலாம்.