சரக்கைப் பற்றி எழுதுவது எப்படி?

நல்ல சரக்குக்கு விளம்பரம் வேண்டுவதில்லை என்று நம் அங்கத்தினர்களிற் பலர் கருதுகின்றனர். உறையூர்க் கடையிலே துணியைத் தொட்டுப் பார்த்து வாங்குபவர் வரையில் அது சரியே. ஆயின், எங்கோ வெளியூரிலிருந்து, கைப்பேசியில் நாம் எழுதும் நாலு வரிகளைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புவோரும் இன்று உளர். அவர்கள் விஷயத்தில் விரல் செய்யும் வேலையை எழுத்தே செய்தாக வேண்டும்.

நாம் எழுதுவதோ, "உயர்ந்த தரம், கண்கவர் வண்ணம், நியாயமான விலை" என்பதுதான். விசைத்தறித் துணியைக் கைத்தறியென்று சொல்லி விற்பவரும் இதையே எழுதுகிறார். விலையை மட்டும் குறைத்துப் போடுகிறார். படிப்பவர் வேறுபாடு காணாமல் மலிவானதை வாங்குகிறார். நஷ்டம் நெசவாளியின் கூலியில் வந்து விடிகிறது. 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை இன்ன துணி கைத்தறி என்று உறுதி கூறும். அதன் அருமையை நாம்தான் எடுத்துரைக்க வேண்டும்.

தறியில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே தெரிந்ததை எழுதுவோமாக. 80-ஆம் நம்பர் நூல் என்றால் வாங்குபவருக்கு என்ன விளங்கும்? ஒரு சிட்டம் 840 கெஜம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டமோ, அதுவே நூலின் நம்பர். ஆகவே 80-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டு, 67,200 கெஜம் நீளும். அதாவது 61 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நுனியைத் திருச்சியிலே கட்டினால் மறு நுனி தஞ்சாவூரைத் தாண்டிப் போகும். இவ்வளவு மெல்லிய இழையைக் கையால் நெய்தோம் என்று எழுதினால், விலை ஏன் அப்படி என்று யாரும் கேட்கமாட்டார். பாவு என்ன நம்பர், ஊடை என்ன நம்பர், நீள அகலம் என்ன, தறியில் எத்தனை நாள் இருந்தது என்பவற்றையும் சேர்க்கலாம்.

ஊர்ப் பெயரை விடலாகாது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகருக்காக எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் நூல், 'அர்கரு' என்ற ஊரின் மெல்லிய துணியை அவ்வூர்ப் பெயராலேயே குறிக்கிறது. அவ்வூர் உறையூரே என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. கடல் கடந்தவன் மறவாத பெயரை நம் சங்கத்துச் சீட்டுகளில் மூலையில் பொடி எழுத்தாக அச்சிடுகிறோம்!

குறையையும் மறைக்க வேண்டாம். சாயம் சிறிது இறங்குமாயின், முதல் இரண்டு முறை தனியே அலசுமாறு முன்னதாகவே எழுதிவிட வேண்டும். எழுதாவிடில், மற்றத் துணியில் கறை பட்ட அம்மையார் மறுமுறை நம்மிடம் வாங்கார்.

வாழை பயிரிடுவோருக்கும் இஃது ஒக்கும். ரஸ்தாளி நன்கு பழுத்ததும் சீப்பிலிருந்து உதிரும். அது அவ்வினத்தின் இயல்பு. அறியாதவர் அழுகலென்று திருப்பி அனுப்புவார். "கனிந்தால் உதிரும், தொங்கவிடாமல் தட்டில் வைக்கவும்" என்ற ஒரு வரி அந்தச் சச்சரவைத் தீர்க்கும். காலமும் முக்கியம். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்குக் கூட்டம் திரண்டபின் பூவன் தார் இருக்கிறதென்று அறிவித்து என்ன பயன்? பத்து நாள் முன்னரே, எத்தனை தார், எந்த நாளில் வெட்டுவோம் என்று தெரிவிக்க வேண்டும்.

எழுதியதை அனுப்புமுன் தறிக்காரர் ஒருவருக்குப் படித்துக் காட்டுவது நலம். "இந்தச் சேலையை இரண்டு நாளிலா முடித்தேன்?" என்று அவர் கேட்பாராயின், நாட்கணக்கைத் திருத்திய பின்னரே அனுப்புக.